ஆடம்பரமான காமிரா

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக் கமிட்டியில் நானும் ஓர் அங்கத்தினன். எழுதுகிறவன் ஒருவன் இருக்கட்டும், மலர் போடும்போது உபயோகப்படுவான் என்று சேர்த்திருந்தார்கள். வேலை தொடங்குவதற்கு முன்னால் சுவர்க் கல்வெட்டுகளைப் பெரிய காமிராவில் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னேன். முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்க்கிற துருத்திக் காமிரா. சபையில் சிரிப்பு. "செல்போன் எதற்கு இருக்கிறது சார்? இதெல்லாம் ஆடம்பரம்" என்றார் ஒரு பிரமுகர்.

என் யோசனை தோற்றதில் வருத்தமில்லை; தோற்பது பழக்கம்தான். ஆனால் அந்த 'ஆடம்பரம்' என்கிற வார்த்தையை நான் சும்மா விடுவதாக இல்லை.

அதற்கு வயது நூற்றறுபதுக்கு மேல். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் 1856-ல் சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அந்தக் காலத்தில் படம் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிது. நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ காமிராவும் அவ்வளவு பெரிது. டிரைப்பின் படங்கள் ஓரடிக்கு மேல் நீளம். நெகட்டிவ் கண்ணாடிகூட அல்ல, மெழுகேற்றிய காகிதம். நம் ஊர் வெயிலில்!

1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த காரியம் ஒன்றே போதும். விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி. காமிராவை நகர்த்தி வைக்கும் ஒவ்வொரு தடவையும் சுவருக்கு அதே தூரம், அதே உயரம் இருக்க வேண்டும். முகம் கோணாமல் இருக்க வேண்டும். ஓரிடத்தில் பிசகினாலும் ஒட்டும்போது வரி உடைந்துவிடும். ராஜராஜனின் அந்தக் கோயில் சாசனங்கள் ஹுல்ட்ஷ் பதிப்பில் அச்சேறத் தொடங்கியது 1891-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் அந்த வேலையை நிறுத்தினார். ஆடம்பரமாம், கஜானா தாங்காதாம். 1857-க்குப் பிறகு கஜானா காலி என்பது மெய்தான். ஆனால் 1840-களில் அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தையே கணக்குப் பார்த்து நடத்திய மனிதர் அவர், கல்லுக்கா இரங்குவார்? 1860-ல் அவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது, வேறு விவகாரத்துக்காக.

செல்போனை நான் பழிக்கவில்லை. பேரன் தத்தி நடப்பதை எடுக்க முக்காலி தேடுகிறவன் அல்ல நான். ஆனால் அதற்குள் ஒளி விழுகிற இடம் சுண்டுவிரல் நகத்தளவு. 8-க்கு 10 அங்குலப் பிலிமோ, பழைய 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு கட்டத்தைப் போல் ஏறக்குறைய 60 மடங்கு. கோபுரத்தை எடுக்க போனை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் மல்லாக்கச் சாய்கிறது. துருத்திக் காமிராவில் பின்பலகை செங்குத்தாகவே நிற்கும். லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தலாம். கோபுரம் கட்டினவன் கட்டினபடி நிற்கும். கம்ப்யூட்டரில் நிமிர்த்திக்கொள்ளலாமே என்பார்கள். நிமிர்த்தும்போது உச்சிப் பாகத்தை இழுத்து அகலப்படுத்த வேண்டியிருக்கிறது. எடுக்காத நுணுக்கம் இழுத்தால் வருமா? பிலிமுக்குப் பதில் அதே துருத்தியின் பின்னால் மின்னணுக் கருவியை மாட்டினாலும் எனக்குச் சம்மதமே. என் சண்டை பிலிமுக்காக அல்ல.

கூடத்தில் தேக்குமரக் காமிராவை அலங்காரமாக நிறுத்திவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் ஆன்ஸல் ஆடம்ஸ் பெயரை ஜபிக்கிற கனவான்களும் என் கட்சி அல்ல. பிரமுகரின் வார்த்தையை மெய்யாக்குகிறவர்களே அவர்கள்தாம்.

எங்கள் கோயில் கதைக்கு வருகிறேன். சுவரை மணல் பீய்ச்சி வெளுத்தார்கள். எழுத்துக்களின் விளிம்பு மழுங்கிப் போயிற்று. வடக்குச் சுவரில் கழற்றிய கல் ஒன்றைத் திரும்ப வைக்கும்போது தலைகீழாக வைத்துவிட்டார்கள். முன்பு எடுத்த படங்கள் எங்கே என்று கேட்டேன். "நானூறு இருக்கு சார்" என்று போனை நீட்டினார் பிரமுகர். எல்லாம் பிளாஷ் போட்டு நேராக அடித்தவை. நேர் வெளிச்சத்தில் கல்லில் வெட்டிய எழுத்தின் பள்ளம் தெரியாது. பக்கவாட்டில் வெயில் சாய்ந்து விழ வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும். பெரிய காமிராக்காரன் காத்திருப்பான். ஒவ்வொரு தகட்டுக்கும் காசு. நாளுக்குப் பத்து எடுத்தாலே அதிகம். நானூறு எடுக்கிறவன் எதற்குக் காத்திருக்கிறான்? முக்கால்வாசிப் படங்களில் கல்வெட்டுக்கு முன்னால் பிரமுகரே நிற்கிறார் என்பது வேறு விஷயம்.

கும்பாபிஷேகத்தன்று டிரோன் பறந்தது. அதன் வாடகை ஆடம்பரம் என்று யாரும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் பக்கத்து ஊர்க் கோயிலில் சாரம் கட்டப் போகிறார்கள். 8-க்கு 10 காமிரா வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சாப்பாடும் பிலிம் செலவும் கொடுத்தால் போதும் என்கிறார். பாதியை நான் தருகிறேன். மீதிப் பாதியை அந்த ஊர்க் கமிட்டி தருமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.