கரிக் கங்கின் மீது இத்தனை மோகம் ஏன்?

 

2024 ஆகஸ்ட் மாதம், திருச்சியிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களுள் இருவர் தங்கியிருந்த அறையிலேயே உயிரிழந்து கிடந்தனர். முந்தைய இரவு பார்பிக்யூ அடுப்பில் கோழி சுட்டு உண்டிருக்கிறார்கள். அதன்பின் அந்தக் கரி அடுப்பு அறைக்குள் இருந்திருக்கிறது. அடைத்த அறையில் நிறைந்த புகையே மரணத்திற்குக் காரணம் என்று செய்திகள் கூறின. நாளேடுகளில் ஒரு பத்தியாக வந்து மறைந்துபோன செய்தி அது. அடுத்த வாரமே அதே மலையில் பல புல்வெளிகளில் கரி அடுப்புகள் மூண்டிருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

நம் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. பள்ளி விடுமுறை வந்தால், பெருநாள் கழிந்தால், மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து மலையேறுகின்றன. நகர நெரிசலை விட்டு விலகி, அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் அட்டுவம்பட்டி போன்ற இடங்களில் முற்றமுள்ள வீடாகப் பார்த்துத் தங்குகிறார்கள். மஃரிபுக்குப் பின் அந்த முற்றத்தில் கறி சுடுவது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. அதில் நமக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஹலாலான உணவு, உறவினர் கூடும் இரவு, பிள்ளைகளின் கலகலப்பு, அல்ஹம்துலில்லாஹ். நமது எதிர்ப்பு கரியின் மீதுதான். "கரி இல்லாமல் என்ன சுவை?" என்று சவால் விடுகிறவர்களிடம் நாம் வெளிப்படையாகவே கூறுகிறோம்: குளிர் மலையில், குழந்தை குட்டிகளோடு தங்கும் குடும்பத்துக்கு ஏற்றது மூடியுள்ள எரிவாயுக் கிரில் அடுப்பே. அதுவும் நிலைவாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

கரியின் வஞ்சகத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். விறகு எரிந்தால் புகை கண்ணைக் கரிக்கும்; நாமே எழுந்து வெளியே ஓடுவோம். நன்கு கனன்ற கரியில் கண்ணுக்குத் தெரியும் புகை மிகக் குறைவு. மேலே சாம்பல் படர்ந்துவிட்டால் அணைந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் அந்தச் சாம்பலுக்கு அடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். மலைப்பாதை வளைவுகளில் ஏறிவந்த களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடுவார். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது.

மலையின் உயரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. இத்தகைய இடத்தில், "பிள்ளைகளுக்குக் குளிருமே, கங்கைத் தட்டோடு அறை மூலையில் வைப்போமா?" என்று அன்பாகக் கேட்கும் விடுதிப் பணியாளர்களை நாம் கண்டிருக்கிறோம். கேட்பவர் நல்லவர்தான். அவர் நீட்டுவது நஞ்சு.

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு, அதிலிருந்தோரோடு எரிந்துபோனது. அச்செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் நெருப்பை மனிதரின் பகைவன் என்று குறிப்பிட்டு, உறங்கப் போகுமுன் அதனை அணைத்துவிடுமாறு ஏவினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. சாப்பிடும்போது பிஸ்மில்லாஹ் சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் நாம், இந்த ஏவலை மட்டும் விளக்கும் திரியும் இருந்த காலத்தோடு முடிந்துபோனதாக நினைக்கிறோமா? எரிவாயு அடுப்பின் தனிச்சிறப்பே இங்குதான் இருக்கிறது. குமிழைத் திருகினால் நெருப்பு அந்த நொடியே முடிந்துபோகும். கரிக்கு அத்தகைய குமிழ் கிடையாது. தண்ணீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் குளிர்ந்தால்தான் அது அணைந்ததாகப் பொருள். விருந்து முடிந்த நள்ளிரவில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்?

இனி அந்தச் 'சுவை' வாதத்துக்கு வருவோம். சுட்ட கறியின் மணத்துக்கு முதன்மைக் காரணம், இறைச்சியிலிருந்து கொழுப்பும் சாறும் சொட்டிச் சூடான பரப்பில் விழுந்து, ஆவியாகி, மீண்டும் மேலெழுந்து கறியில் படிவதுதான். நன்றாகச் செய்யப்பட்ட எரிவாயுக் கிரிலில் பர்னர்களுக்கு மேல் கூரை போல மடித்த உலோகத் தகடுகள் இருக்கும். சாறு அதன்மீது விழுந்து அதே மணத்தை எழுப்பும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை இஞ்சியோடும் தயிரோடும் அரைத்து நான்கு மணி நேரம் ஊறவைத்த கோழியைக் கண்ணை மூடிக்கொண்டு உண்ணச் சொல்லுங்கள். கரியில் வெந்ததா, எரிவாயுவில் வெந்ததா என்று எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்? கரி மணம் இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழியுண்டு. வெந்த கறியை ஒரு சட்டியில் வைத்து, நடுவில் சிறு கிண்ணம் வைத்து, அதில் ஒரே ஒரு கங்குத் துண்டை இட்டு, நெய் சொட்டு விட்டு மூடினால் ஐந்து நிமிடத்தில் மணம் ஏறிவிடும். பிரியாணிக்குச் சிலர் செய்வதுதான். அதையும் முற்றத்திலேயே செய்து, துண்டை அங்கேயே தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.

கரியால் மலைக்காடு அழிகிறது என்று மொத்தமாகப் பழி சுமத்த நாம் வரவில்லை. தமிழகச் சந்தையில் விற்கும் அடுப்புக் கரியில் பெரும்பகுதி இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சீமைக் கருவேல மரத்தில் சுட்டெடுத்தது. அதை வெட்டினால் அழப்போகிறவர் யாருமில்லை. காட்டுக்கு ஆபத்து கங்கிலிருந்து பறக்கும் பொறியால் வருகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் பூம்பாறை, மன்னவனூர் மலைப்பகுதிகளில் மூண்ட காட்டுத்தீ நாள்கணக்கில் எரிந்ததை மறந்திருக்க மாட்டோம். கோடையில் பைன் மரங்களின் கீழ் காய்ந்த ஊசியிலைகள் மெத்தை போலக் கிடக்கும். மலைக்காற்றில் ஒரு பொறி போதும். மறுநாள் காலையில் 'அணைந்த' சாம்பலை வேலிக்கு அப்பால் கொட்டும் வழக்கம் அதைவிட மோசமானது.

சரி, எத்தகைய கிரிலை வாங்குவது? இதில் நம்மவர்களின் பெருமையடிப்பையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஆறு பர்னர், பளபளக்கும் எஃகு, பார்ப்பவர் வாய்பிளக்கும் அளவு என்று வாங்கி, ஆண்டுக்கு இரண்டு முறை திறந்து பார்ப்பது வீண்விரயம் அன்றி வேறில்லை. எட்டுப் பத்துப் பேருக்கு இரண்டு அல்லது மூன்று பர்னர் தாராளம். ஒவ்வொரு பர்னருக்கும் தனிக் குமிழ் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஏனெனில் ஒரு பக்கம் மட்டும் தீயை எரியவிட்டு, தீயில்லாத மறுபக்கத்தில் ஆட்டுத் தொடையையோ முழுக் கோழியையோ வைத்து மூடினால், கருகாமல் உள்வரை வேகும். இது கனமான மூடியில்லாத அடுப்பில் நடக்காது. கம்பித் தட்டோடு தட்டையான வார்ப்பிரும்புக் கல் ஒன்றும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அது இருந்தால் காலையில் தோசையும் முட்டையும், நண்பகலில் மீனும், இரவில் கபாபும் ஒரே அடுப்பில் முடியும். கொழுப்பு வடியும் தட்டைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். கழுவாத தட்டில் தேங்கிய கொழுப்புதான் அடுத்த முறை தீப்பிடிக்கிறது. அப்படிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எரிவாயுவை நிறுத்தி, மூடியை மூடிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்பிய கிரில் என்றால் கூடுதல் கவனம் தேவை. அதனோடு வரும் ரெகுலேட்டர் நம்மூர் சிலிண்டரின் வால்வில் பொருந்தாது. அழுத்த அளவும் மாறுபடலாம். நம் வீட்டு அடுப்புக்கான ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்தில் வாயுவைத் தருவது. டேப் சுற்றி 'பொருத்திக் கொடுக்கும்' கடைக்காரரிடம் சலாம் சொல்லி வந்துவிடுங்கள். நம்மூர் சிலிண்டருக்கென்றே செய்யப்பட்ட அடுப்பும், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள குழாயுமே வேண்டும்.

மலையில் சிலிண்டரும் வேறு விதமாக நடந்துகொள்கிறது. அதற்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். பியூட்டேன் சுழியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே ஆவியாவதையே நிறுத்திவிடும். வாயுவை எடுக்க எடுக்கச் சிலிண்டரும் குளிரும். மார்கழி, தை மாத உறைபனி இரவுகளில், இன்னும் வாயு மீதமிருக்கும்போதே தீ மெலிவது இதனால்தான். 5 கிலோ சிறு சிலிண்டர் இதில் விரைவில் சோர்ந்துபோகும்; வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டர் தாங்கும். தீ மெலிகிறதே என்று சிலிண்டரைப் படுக்கவைப்பதும், அதன் அடியில் நெருப்பு காட்டுவதும் தற்கொலைக்குச் சமம். படுத்த சிலிண்டரிலிருந்து திரவமே குழாய்க்குள் பாயும். தேவையென்றால் விருந்தை மாலையிலேயே தொடங்குங்கள், அவ்வளவுதான்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தில் தேங்கும். படிப்படியாக இறங்கும் மலை நிலத்தில் இதை மறக்கக் கூடாது: மேல் தட்டில் கசிந்த வாயு கீழ்த் தட்டில் இருக்கும் வீட்டின் வாசலுக்கு வழிந்து போகலாம். அண்டை வீட்டாரின் உரிமை குழம்பில் தண்ணீர் சேர்த்துப் பகிர்ந்து கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும். சில நொடிகளில் பற்றவில்லையென்றால் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். மூடிய கிரிலுக்குள் வாயு நிறைந்தபின் பொறி தட்டினால் முகம் கருகும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக நீண்டால் காற்று போதவில்லை என்று பொருள். மெல்லிய மலைக்காற்றில் இது அடிக்கடி நேரும்; பர்னரின் காற்றுத் துளையை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும். மஞ்சள் தீயும் கார்பன் மோனாக்சைடைத் தரும். மழை வந்துவிட்டதே என்று எரிவாயுக் கிரிலை வராந்தாவை அடைத்து உள்ளே இழுப்பவருக்கும் கரிக்காரருக்கும் வேறுபாடில்லை.

கறியைப் பற்றிச் சிறிது. ஹஜ்ஜுப் பெருநாளன்று அறுத்த குர்பானி இறைச்சியை அன்றே கம்பியில் வைத்தால் செருப்புத் தோல் போலத்தான் இருக்கும். ஒரு நாளாவது குளிரில் ஓய்வெடுக்கவிட்டுப் பிறகு சுடுங்கள். கோழியின் உட்புறம் 74 டிகிரியைத் தொட வேண்டும். நூறு ரூபாய்த்தாளின் நிறத்தை எல்லாம் பார்த்து முடிவு செய்யாமல், குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். இந்த உயரத்தில் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் குழம்பில் கறி வேகத் தாமதமாகும். உலர் சூட்டில் வேகும் கிரிலுக்கு அந்தத் தடை இல்லை. மலையில் கிரில் வசதியானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கிரில் முன் நின்று இடுக்கியோடு படம் எடுத்துக்கொள்பவர்கள் அத்தாவும் மாமாவும். பூண்டு உரித்தது, மசாலா தடவியது, மறுநாள் கம்பி தேய்ப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள். விடுமுறை அவர்களுக்கும்தானே? குமிழைத் திருகத் தெரிந்த கைக்குக் கம்பி தேய்க்கவும் தெரியும்.

வாடகை வீட்டில் இருக்கும் கிரிலைப் பயன்படுத்துவோர், அதில் முன்பு என்ன சுடப்பட்டது என்பது தெரியாத நிலையில் கம்பித் தட்டை நன்றாகக் கழுவியே பயன்படுத்த வேண்டும். சொந்தக் கம்பித் தட்டு ஒன்றைக் கொண்டுபோவது அதைவிட நிம்மதி.

கொடைக்கானலில் தங்கும் வீடுகள் நடத்தும் நம் சமுதாயச் சகோதரர்களிடம் தனியாக ஒரு கோரிக்கை. வீட்டுச் சிலிண்டரை வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 2000ஆம் ஆண்டின் எரிவாயு விநியோக ஆணை தடை செய்கிறது. 19 கிலோ வணிகச் சிலிண்டரையே வையுங்கள். கரி அடுப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, முற்றத்தில் ஒரு நிலையான இடத்தில் மூடியுள்ள எரிவாயுக் கிரிலை அமையுங்கள். அதுவரை, விருந்தினர் உறங்கும் முன் உங்கள் ஆளே போய்க் கங்கைத் தண்ணீரில் அணைத்து, அடுப்பைத் தூக்கி வந்து உங்கள் கொட்டகையில் பூட்டட்டும். குளிருக்கு இன்னும் இரண்டு கம்பளி கொடுங்கள். விருந்தினர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.