திரி கருகும் விளக்கு

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைக் கண்டு நலம் விசாரித்தால், நோயின் கதையோடு இன்னொரு கதையும் வரும். "டாக்டர் தங்கமானவர்; அந்த நர்ஸ்தான் சிடுமூஞ்சி" என்பார்கள். நம் சங்கத்து அன்பர்கள் பலர் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறேன். நானும் அவ்வாறு கூறியவனே. அது பிழை என்று உணர நேர்ந்ததால் இம்மாதம் இதனை எழுதுகிறேன்.

ஈராண்டுகளுக்கு முன் என் தந்தையார் குடலிறக்க அறுவைக்காக இந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் தங்கியிருந்தார். இரண்டாம் நாள் இரவு, ஏற்றிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து, குழாயில் குருதி ஏறத் தொடங்கிற்று. மும்முறை சென்று அழைத்தேன். இந்தியில் 'வருகிறேன்' என்ற சொல் வந்ததேயன்றி ஆள் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து வந்த செவிலி, தந்தையாரின் முகத்தைப் பாராமலே குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். அவருக்குத் தமிழ் தெரியாது என்னும் துணிவில், "நெஞ்சில் ஈரமில்லாத பிறவிகள்" என்று உரக்கவே சொன்னேன்.

அவர் நின்றார். "அண்ணா, எனக்கும் நாகர்கோவில்தான். இந்த வார்டிலே முப்பத்தெட்டுப் பேர். ராத்திரிக்கு நாங்க ரெண்டே பேர். எட்டாம் பெட்டுக்காரருக்கு மூச்சுத் திணறிச்சு, அங்கே நின்னேன். முன்னெல்லாம் யாராவது இப்படிப் பேசினா அழுதிடுவேன். இப்ப அழுகையும் வர்றதில்லை" என்றார். அவர் குரலில் சினமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதுதான் என்னை அச்சுறுத்திற்று.

ஒரு நாள் உறங்கி எழுந்தால் தீரும் களைப்பு வேறு, இது வேறு. எண்ணெய் வற்றிய பின்னும் எரிய வேண்டியிருக்கும் விளக்கில் திரி கருகுகிறதே, அதனைப் போன்றது இது. இதனைப் பணிச்சோர்வு என்கின்றனர். அமெரிக்க உளவியலறிஞர் கிறிஸ்டினா மாஸ்லாக், இதனை அளக்கும் முறையொன்றைச் சூசன் ஜாக்சனுடன் இணைந்து 1981-இல் வெளியிட்டார். அவர் கண்ட கூறுகள் மூன்று: உள்ளம் வறண்டு போதல், எதிரிலிருப்பவரை மனிதராக எண்ணாது ஒரு பொருளாகக் கருதத் தொடங்குதல், தன் உழைப்பால் பயனேதும் இல்லை என்று தோன்றுதல். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் ஏற்கப்பட்ட தன் நோய் வகைப்பாட்டில் இதனைச் சேர்த்துள்ளது. நோயாக அன்று, பணியிடத்தில் நேர்வதொரு நிலையாக. அச்சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். குறை, பணி செய்பவரின் குணத்தில் இல்லை, பணியிடத்தில் இருக்கிறது.

இச்சோர்வு நோயாளியை வந்து சேரும் வழிகள் நாம் கண்ணால் காணக்கூடியவையே. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் புண் உண்டாகும். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகையில் கை கழுவாவிடில் கிருமி உடன் செல்லும். மூச்சின் வேகத்தையும் சிறுநீரின் அளவையும் குறிக்காவிடில், உடல் சீர்கெடுவதை முன்னறிந்து டாக்டரை அழைக்க ஆளிராது. டாக்டர் நோயாளியைக் காண்பது சில நிமிடம். மற்ற நேரமெல்லாம் காண்பவர் செவிலியே. அக்கண் மங்கினால் காவல் மங்கிற்று.

இதற்குக் கணக்கும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கன் குழுவினர் 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகும்போதெல்லாம், அறுவை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு மிகுவதைக் கண்டனர். செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்போ 23 விழுக்காடு மிகுந்தது. அதே மாநிலத்தைப் பற்றி 2012-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பணிச்சோர்வு மிகுந்த மருத்துவமனைகளில் சிறுநீர்த் தொற்றும் அறுவைப் புண் தொற்றும் மிகுதி என்று காட்டிற்று. கலிஃபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டமியற்றி, ஒரு செவிலிக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்னும் வரம்பை 2004 முதல் நடைமுறைப்படுத்தியது.

நம் நாட்டிலும் அளவு வகுக்கப்படாமல் இல்லை. பயிற்சி மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர், பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் கூறிய அளவு. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தையும் பணிநிலையையும் ஆராயுமாறு உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பணித்தது. அவ்வாறு அமைந்த குழு, மிகச் சிறிய மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. ஏட்டிலுள்ள அளவுக்கும் அந்த இரவில் நான் கண்ட முப்பத்தெட்டுக்கும் உள்ள தொலைவை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

நான் ரயில்வேயில் மேசை வேலை பார்ப்பவன். ஆயினும், ஓட்டுநர் எப்போது பணியேற்றார், எப்போது இறங்கினார் என்பது பதிவாவதை அறிவேன். பணிநேரத்துக்கும் ஓய்வுக்கும் 2005-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. அவை எங்கும் வழுவாது நடக்கின்றன என்று சொல்லேன். ஓட்டுநரின் முறையீடுகள் இன்னும் ஓயவில்லை. ஆனால், களைத்த கண் சிக்னலைத் தவறவிடும் என்பதையாவது அங்கே எவரும் மறுப்பதில்லை. களைத்த கை மருந்தின் அளவைத் தவறவிடும் என்பதை மட்டும் நாம் ஏன் குணக்கேடு என்று கூறிக் கடந்து செல்கிறோம்?

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. நோயாளியுடன் ஒருவர் மட்டும் இருப்போம். பாட்டில் தீருமுன்னரே சொல்வோம். உண்ணும் மருந்துகளை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். நோயாளியைத் தொடுமுன் நாமும் கை கழுவுவோம். செவிலியைப் பெயரறிந்து அழைப்போம். குறையிருப்பின் அவரிடம் கத்தாமல், "இந்த வார்டில் இரவுக்கு எத்தனை செவிலியர்?" என்று நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் கேட்போம். எத்தனை பேரைப் பணியில் வைப்பது என்று முடிவு செய்பவர் வார்டில் இல்லை. மேலே அலுவலக அறையில் இருக்கிறார். நம் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுவே.

இன்னொன்று. இந்நகரத்து விடுதிகளில் தங்கிச் செவிலிப் பணி செய்யும் நம் ஊர்ப் பெண்கள் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்களுக்கு விடுப்புக் கிடைப்பது அரிது. விடுமுறை நாளொன்றில் அவர்களை வீட்டுக்கழைத்து ஒருவேளை சோறிடுவது நம் சங்கத்தாருக்குப் பெரும் செலவன்று. அதனால் வார்டில் ஆட்கள் கூடிவிட மாட்டார்கள் என்பது மெய்யே. ஆயினும் அது நம் கடமை.

தந்தையார் நலமுடன் வீடு திரும்பிய நாளில் அந்தச் செவிலியைத் தேடிச் சென்றேன், மன்னிப்புக் கேட்பதற்காக. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றனர். அவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.