சித்தம்பூண்டியிலிருந்து சந்திரனுக்கு



விடுமுறை நாட்களில் பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி வைப்பது எளிது. அதற்கு ஈடாக எதைக் கொடுப்பது என்பதே நம்மில் பலருக்கும் புரிவதில்லை. இத்திங்கள் நாம் எடுத்துரைக்க விரும்புவது செலவற்ற ஒரு விளையாட்டு. பரமபத அட்டையோடு வரும் பகடை ஒன்று, காகிதம், பென்சில், பன்னிரண்டு புளியங்கொட்டைகள், இவை போதும்.

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அக்கதையின் மாந்தராகி, தாம் செய்ய நினைப்பதைச் சொல்வர். அச்செயல் பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இத்தகைய விளையாட்டு அச்சிட்ட நூலாக முதன்முதல் வெளிவந்தது அமெரிக்காவில், 1974-இல். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அதனை ஆக்கினர். 1977-இல் விண்வெளியைக் களமாகக் கொண்ட 'டிராவலர்' வந்தது. அவற்றின் தடித்த நூல்கள் நமக்கு வேண்டுவதில்லை.

சென்ற கோடையில் பரமத்தி வேலூரில் உறவினர் இல்லமொன்றில் தங்கியிருந்தபோது, நான்கு பிள்ளைகளைக் கொண்டு இவ்விளையாட்டை நடத்திப் பார்த்தோம். களத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. வேலூருக்குத் தொலைவில்லாத சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பாறை, சந்திரனின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அனார்த்தோசைட் என்னும் அப்பாறையின் பொடியைப் பரப்பித்தான் சந்திரயான் ஊர்திகளை நம் விஞ்ஞானிகள் சோதித்தனர். "நம்ம ஊரு மண்ணா மாமா?" என்று பிள்ளைகள் வியந்தபோதே பாதி விளையாட்டு தொடங்கிவிட்டது.

விதிகள் இவை. உடல்வலிமை, கைத்திறன், அறிவு என்னும் மூன்றுக்கும் ஒவ்வொருவரும் ஆறு புள்ளிகளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எதற்கும் ஒன்றுக்குக் குறையலாகாது. ஒரு செயலில் இறங்கும்போது பகடை எண்ணோடு அதற்குரிய புள்ளியைக் கூட்ட வேண்டும். எளிய செயலுக்கு நான்கும், நடுத்தரமானதற்கு ஆறும், கடினமானதற்கு எட்டும் வந்தால் வெற்றி. புளியங்கொட்டைகளே அனைவருக்கும் பொதுவான பிராணவாயு. தோல்வி ஒன்றுக்குக் கொட்டை ஒன்று போய்விடும். ஆகையால் ஒருவன் அவசரப்பட்டால் நால்வருக்கும் மூச்சு முட்டும். கலந்து பேசாமல் அடியெடுத்து வைக்க முடியாது.

இனி நம் பிழையைச் சொல்லியாக வேண்டும். பழுதாகி நின்ற விண்கலம் ஒன்றைப் பிள்ளைகள் தேடிச் செல்வதாகக் கதை. வழியில் பெரும் பள்ளம். அதில் இறங்கிக் கடந்தால் அப்பால் ஒரு குகை என்று முடிவுவரை முன்கூட்டியே நாம் எழுதி வைத்திருந்தோம். நால்வரிலும் இளையவள், அதிகம் பேசாதவள், மெல்லச் சொன்னாள்: "மாமா, கொட்டை மூணுதானுங்க இருக்குது. நாங்க திரும்பிப் போயி வேற வழியில வர்றமுங்க." நாம் விடவில்லை. வேறு வழியே இல்லை என்றோம். அவள் பகடையைக் கீழே வைத்துவிட்டாள். அதன்பின் மற்றவர்களும் நம் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்கள்.

அன்றிரவு சிந்தித்தோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபின், பிரக்யான் ஊர்தி நிலவில் ஊர்ந்து சென்றதல்லவா? ஆகஸ்ட் 27 அன்று அதன் எதிரே நான்கு மீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்று தென்பட்டது. விஞ்ஞானிகள் அதனைத் திரும்பி வரச் செய்து, புதுப் பாதையில் செலுத்தினர். அறிஞர்கள் செய்த அதே முடிவைத்தான் அச்சிறுமியும் எடுத்திருந்தாள். நாமோ அதைத் தவறென்றோம்!

மறுநாள் அவளிடம் பிழையை ஒப்புக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். அவள் சொன்ன வழியில் போனபோது நாம் எழுதி வைத்த குகை பயனற்றுப் போயிற்று. ஆனால் இருட்டும்வரை எவரும் எழுந்திருக்கவில்லை. கடைசிக் கொட்டை மிஞ்சியிருக்கையில் விண்கலத்தை அடைந்தார்கள்.

பெற்றோரே, நடத்துபவர் காக்க வேண்டியவை இரண்டே. முடிவை முன்னதாக எழுதாதீர். இடரை மட்டும் எழுதுங்கள். பகடை கெடுதலாக விழுந்தால் அதை மறைக்கவும் வேண்டாம். தோல்வியிலிருந்து அடுத்த கதையைத் தொடங்குங்கள். 2019-இல் சந்திரயான்-2 இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதி அழிந்தது. அதன் குறைகளை ஆராய்ந்து திருத்தியதாலன்றோ நான்காண்டுகளுக்குப்பின் வெற்றி கிட்டியது?

பிள்ளைகள் எந்தப் படிப்பில் சேர வேண்டும், எந்த வேலைக்குச் செல்ல வேண்டும் என்று முடிவுவரை எழுதி வைத்துக்கொண்டு, "உன் விருப்பம் என்ன?" என்று வாயளவில் கேட்கும் வழக்கம் நம் இல்லங்களில் இல்லையா? அவர்கள் மறுமொழி சொல்லும்போது செவிசாய்க்க, ஒரு மாலைப்பொழுது விளையாட்டிலேனும் பழகிக்கொள்வோம்.