நமக்கு வந்தால் சூடு

விழுப்புரம் பேருந்து நிலையத்துக் கழிப்பறைப் பக்கம் ஒட்டியிருக்கும் நோட்டீசுகளை நின்று படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஊரில் வேறெங்கும் அச்சேறாத விஷயங்கள் அங்கேதான் அச்சேறுகின்றன. நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, மேகவெட்டை, வெட்டைச் சூடு எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். மாதத்தில் ஒரு நாள் விழுப்புரத்தில் ஒரு லாட்ஜ், மறுநாள் திண்டிவனத்தில் ஒரு லாட்ஜ். பரம்பரை வைத்தியர் நேரில் சந்திப்பார், ரகசியம் காக்கப்படும். பால்வினை நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றம் என்கிறது. எழுபது வருஷமாகச் சட்டமும் இருக்கிறது, நோட்டீசும் இருக்கிறது.

சட்டம் தோற்றதற்குக் காவல்துறையை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்த நோட்டீசு நம் வீட்டுப் பேச்சில் பேசுகிறது. ‘சூடு’ என்கிறது. அந்த ஒரு சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

ஒண்ணுக்குப் போனால் எரிகிறதா, சூடு. சீழ் மாதிரி கசிகிறதா, வெட்டை, அதுவும் சூடுதான். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா, சூட்டுக்கட்டி. வீட்டுக்காரிக்கு வெள்ளைப்படுகிறதா, அவளுக்கும் உடம்பு சூடு. வைத்தியமும் வீட்டிலேயே தயார்: காலையில் நீராகாரம், ஊறவைத்த வெந்தயம், ரெண்டு இளநீர், நன்னாரி, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். இத்தனையும் போதாவிட்டால் மெடிக்கலில் போய், “அண்ணே, சூடு பிடிச்சிருக்கு, மாத்திரை குடுங்க” என்று கேட்க வேண்டியது. கடைக்காரர் மேலே ஒரு கேள்வி கேட்க மாட்டார். அந்தச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

நெடுஞ்சாலை ஓட்டுநர்களிடம் இந்த நம்பிக்கைக்கு இன்னொரு வால் உண்டு. இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டுவதால் உடம்பில் சூடு ஏறுகிறதாம். அதை இறக்க ஒரு பெண்ணிடம் போக வேண்டுமாம். போன பிறகு எரிச்சல் வந்தால், அதுவும் இன்ஜின் சூடுதானாம். நோய்க்குக் காரணமும் சூடு, நோய் வாங்கப் போனதற்குச் சமாதானமும் சூடு. சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலை என்று நாலு திசை லாரிகளும் கடக்கிற திண்டிவனத்தில் இந்தத் தத்துவத்தைக் கேட்கத் தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் போதும்.

சூடு முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் செங்கல் சூளையில் நிற்பவன் போதுமான தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்து கடுக்கத்தான் செய்யும். தண்ணீர் குடித்தால் சரியாகவும் ஆகும். நீர்க்கடுப்பு சிறுநீர்ப்பாதைத் தொற்றாலும் வரும், கல்லாலும் வரும். வெள்ளைப்படுதல் மாதத்தில் சில நாள் எல்லாப் பெண்களுக்கும் உள்ள இயல்பு. நோயாக இருந்தாலும், உடலுறவில் தொற்றாத பூஞ்சையாக இருக்கவும் வாய்ப்புண்டு. வெள்ளைப்பட்டாலே புருஷன் கொண்டுவந்த நோய் என்று பதறுவதும் அறிவீனம்தான். ஒரே எரிச்சலுக்கு இத்தனை காரணம் இருப்பதால்தான் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சோதிக்க வேண்டிய இடத்தில் ‘சூடு’ பதிலாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இளநீருக்கு இவ்வளவு நல்ல பெயர் எப்படி வந்தது என்று யோசித்தால் விஷயம் விளங்கும். வெட்டை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கொனோரியா. ஆணுக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஏழு நாளுக்குள் எரிச்சலும் சீழும் காட்டும். மருந்தே இல்லாமல் விட்டாலும் சில வாரங்களில் தானாகத் தணியும். கிருமி போயிருக்க வேண்டியதில்லை, கூச்சல்தான் போயிருக்கும். அந்தச் சில வாரமும் இளநீர் குடித்தவன் இளநீருக்கு நன்றி சொல்வான், லேகியம் சாப்பிட்டவன் லாட்ஜ் வைத்தியருக்கு நன்றி சொல்வான். சிபிலிஸ் இதைவிடப் பெரிய வேஷக்காரன். முதலில் ஒரு புண் வரும், பெரும்பாலும் வலிக்காது. மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறிவிடும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தடிப்பாக எட்டிப் பார்த்து, அதுவும் மறைந்து, வருஷக்கணக்கில் உடம்புக்குள் பதுங்கும். சிலருக்குப் பத்து, இருபது வருஷம் கழித்து இதயத்திலும் மூளையிலும் கை வைக்கும். அப்போது லாட்ஜ் வைத்தியர் எந்த ஊர் லாட்ஜில் இருப்பாரோ.

சிபிலிஸுக்கு நம் பழைய வைத்தியத்தில் ஒரு பெயர் உண்டு: பறங்கிப் புண். அதற்குக் கொடுத்த கிழங்குக்குப் பறங்கிப் பட்டை. கப்பலில் வந்த வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய் என்று நாம் பெயர் வைத்தோம். ஐரோப்பாவிலும் இதே கதை: இத்தாலிக்காரன் அதைப் பிரெஞ்சு நோய் என்றான், பிரெஞ்சுக்காரன் நேப்பிள்ஸ் நோய் என்றான், ருஷ்யாக்காரன் போலந்து நோய் என்றான். தன் ஊர்ப் பெயரை இந்த நோய்க்கு வைத்த ஊர் உலகத்தில் இல்லை.

நம்மிடமும் இரண்டு அகராதி இருக்கிறது. நமக்கு வந்தால் சூடு. ‘அந்த மாதிரி’ ஆட்களுக்கு வந்தால் நோய். சூட்டை நம்புகிறவனும் பால்வினை நோய் என்று ஒன்று இருப்பதை மறுப்பதில்லை. அது வேறு யாருக்கோ வருவது என்றுதான் நம்புகிறான். ரோட்டோரப் பெரிய தட்டிகளில் புள்ளிராஜா என்ற கற்பனை ஆளுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட காலம் நாற்பது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆணைப் பார்த்து விரல் நீட்டிய அபூர்வமான விளம்பரம் அது. நாம் என்ன செய்தோம்? பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கூடப் படிக்கிறவனுக்கும் புள்ளிராஜா என்று பட்டப்பெயர் வைத்தோம். தன்னைப் புள்ளிராஜா என்று எண்ணிக்கொண்டவன் எத்தனை பேர்?

சித்திரையில் கூவாகம் திருவிழா வரும். ஊர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்தாலும், கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வரும் திருநங்கைகள் தங்குவதும் அழகிப் போட்டி நடப்பதும் விழுப்புரத்தில்தான். எய்ட்ஸ் விழிப்புணர்வு மேடை, ஆணுறை விநியோகம், டிவி காமிரா எல்லாம் அவர்களைச் சுற்றியே இருக்கும். அந்தப் பணியைக் குறை சொல்லவில்லை. பல வருஷம் அதைக் கேட்ட திருநங்கைகளுக்குத் தொற்று, பரிசோதனை பற்றித் தெரிந்ததில் பாதி நம் ஊர் அலுவலகங்களில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. என் கேள்வி வேறு. திருவிழா இரவில் அவர்களைத் தேடி வருகிற ஆண்கள் யார்? வானத்திலிருந்து இறங்கியவர்களா? விடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள், நாஷ்டா சாப்பிடுகிறார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள். அவர்கள் முகத்தை எந்தக் காமிராவும் காட்டுவதில்லை. அவர்களுக்கு எரிச்சல் வந்தால் சூடு.

ஆணை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் பார்க்கிற இந்தப் பழக்கத்துக்கு வெள்ளைக்கார அரசின் முத்திரையும் உண்டு. 1868இல் இந்தியாவுக்கென்று தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று போட்டார்கள். பட்டாளத்து ஆட்களுக்குப் பால்வினை நோய் வராமல் காப்பது நோக்கம். சட்டம் பதிவு செய்யச் சொன்னது பெண்களை, சோதித்தது பெண்களை, நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’ என்ற இடத்தில் அடைத்து வைத்ததும் பெண்களைத்தான். மதராஸ் மாகாணத்தில் அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் அந்தச் சட்டத்துக்கும் வெகுகாலம் முன்பே இருந்தன. 1888இல் சட்டத்தை ரத்து செய்தார்கள். புத்தி ரத்தாகவில்லை. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சென்னையில் பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது. துணிச்சலான வேலை, அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் பல வருஷம் கண்மூடி இருந்திருப்போம். ஆனால் ஊர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது என்ன? பாலியல் தொழிலாளிகளிடம் எய்ட்ஸ் இருக்கிறது என்பதை மட்டும். அவர்களுக்கு அதை யார் கொடுத்திருப்பார்கள் என்ற எளிய கணக்கை யாரும் போடவில்லை.

கணக்கு கடைசியில் வந்து நிற்கிற இடம் வீடு. கொனோரியாவும், இன்னொரு பால்வினைத் தொற்றான கிளமிடியாவும் பெண்ணிடம் பெரும்பாலும் வாய் திறக்காது. எரிச்சல் இல்லை, வலி இல்லை. சத்தமில்லாமல் மேலே ஏறிக் கருக்குழாயில் தழும்பு உண்டாக்கும். குழாய் அடைபட்டால் பிள்ளை இல்லை. பாதி அடைபட்டால் கரு குழாயிலேயே தங்கி உயிருக்கே ஆபத்து. அதன் பிறகு அவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிறவர்களில், ஐந்து வருஷம் முன்பு புருஷனுக்கு வந்து இளநீரில் ‘தணிந்த’ சூட்டுக்காகக் கட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கே அது தெரியாது. குழந்தையின்மைக்கு எல்லாம் இதுதான் காரணம் என்றில்லை. ஆனால் இதுவும் ஒரு காரணமா என்று கேட்கிற மாமியாரை நான் பார்த்ததில்லை.

மனைவி கர்ப்பமானால் அரசுச் சுகாதார நிலையத்தில் அவளுக்கு எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். மிக நல்ல ஏற்பாடு. கர்ப்பிணிக்குச் சிபிலிஸ் இருந்து கவனிக்காமல் விட்டால் கருச்சிதைவு, வயிற்றுக்குள்ளேயே சிசு மரணம், பிறவியிலேயே நோய் என்று எதுவும் நடக்கலாம். பென்சிலின் ஊசியில் அத்தனையையும் தடுக்க முடியும். நோய் புதியதானால் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை, பழையதானால் வாரம் ஒன்றாக மூன்று தடவை. எண்பது வருஷமாகச் சிபிலிஸ் கிருமியிடம் தோற்காத மருந்து அது. ஆனால் பாருங்கள், அந்தக் குடும்பத்தில் முதலில் ரத்தம் கொடுத்தவள் அவள். முதலில் தெரிந்தவளும் அவள். ஆகவே, ‘இவதான் கொண்டுவந்தா’. புருஷனுக்கு வந்தது போன வருஷத்துச் சூடு, அதற்கு எந்த ரிப்போர்ட்டும் கிடையாது.

இதற்கெல்லாம் மாற்று ஏதோ சென்னையில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்ற பெயரில் பால்வினை நோய்க்கான பிரிவும், நம்பிக்கை மையம் என்ற பெயரில் எச்.ஐ.வி. பரிசோதனையும் இருக்கின்றன. காசு கிடையாது. எச்.ஐ.வி. என்று தெரியவந்தாலும் அதை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் வருஷத்துச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. லாட்ஜ் வைத்தியரின் ‘ரகசியம் காக்கப்படும்’ வாக்குறுதிக்குப் பின்னால் எந்தச் சட்டமும் இல்லை. மருந்துகளை நிறம் பார்த்தே எடுக்கும்படி பொட்டலம் போட்டு வைத்திருக்கிறார்கள். கசிவுக்குச் சாம்பல் நிறம், புண்ணுக்கு வெள்ளை, பென்சிலின் ஒவ்வாதவருக்கு நீலம், ஹெர்பீஸுக்குச் சிவப்பு, தொடை இடுக்கில் கட்டும் அரையாப்புக்குக் கறுப்பு. இந்த முறையிலும் ஓட்டை இருக்கிறது: அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுக்கும்போது, அறிகுறியே காட்டாத நோயாளி தப்பிவிடுகிறார். அப்படித் தப்புகிறவர் பெரும்பாலும் மனைவி. அதனால்தான் சாம்பல் பொட்டலத்தை ஆணுக்கு மட்டும் கொடுத்தால் வேலை முடியாது. துணைக்கும் கொடுக்க வேண்டும், அவளையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவனுக்கு மறுபடி வரும். மறுபடி மெடிக்கல், மறுபடி அரைகுறை மாத்திரை. ஒரு காலத்தில் கொனோரியாவை வீழ்த்திய பென்சிலினும் சிப்ரோவும் இன்று அதனிடம் செல்லாக்காசு. மிச்சமிருப்பதையும் ஒற்றை மாத்திரையாக வாங்கித் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஆற்றுப்படுத்துநர் ஒருவர் இருக்கிறார். பல வருஷ அனுபவம். ஆண்களிடம் நோயைப் பற்றிப் பேசுவது கஷ்டமே இல்லை என்பார்; ஆணுறை எப்படிப் போடுவது என்பதைக்கூடக் கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்வார்களாம். மனைவிக்கான இரண்டாவது பொட்டலம் என்று சொன்னவுடன்தான் தலை குனியுமாம்.

“வீட்ல சூட்டு மாத்திரைன்னு சொல்லிக் குடுத்துக்கறேன் மேடம்.”

“அப்படி வேணாம் சார். அவங்களையும் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்.”

“இங்க கூட்டிட்டு வந்தா, எதுக்குன்னு கேப்பாளே மேடம்.”

“கேக்கட்டும்.”