அந்த ரயில் வித்தைக்கு எவ்வளவு செலவானது?

குறைந்த செலவில், பெரிய நிறுவனங்களின் தயவில்லாமல் எடுக்கப்படும் அறிவியல் புனைவுப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம் தோழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்குக் காட்சியழகுதான் சினிமா. இன்னொரு கட்சி, கதையில்லாத அழகு எதற்கு என்று கேட்கிறது. நாங்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்சி. ஆனாலும் இந்தச் சண்டையில் ஒரு கேள்வி விடுபட்டே போகிறது: திரையில் தெரிவது யார் கண்ணால் பார்த்த உலகம்?

ஜான் செய்ல்ஸ் 1984இல் இயக்கிய 'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்' படத்தில், வேற்றுக்கிரகத்திலிருந்து தப்பிய அடிமை ஒருவர் நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்து சேர்கிறார். கறுப்பின மனிதரின் உருவம், பேச்சு வராது, காலில் மூன்றே விரல்கள். அவரைப் பிடித்துப்போக, கறுப்பு உடையணிந்த இரண்டு வெள்ளையர்கள் அலைகிறார்கள். அவர் வந்திறங்கும் காட்சியைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்த ரயில் காட்சிக்கு வருவோம். சுரங்க ரயிலில் சீட்டுக்கட்டு வித்தை காட்டும் இளைஞன், கடைசி வித்தையாக, இந்தப் பெட்டியிலுள்ள வெள்ளையர்களையெல்லாம் மறையவைக்கிறேன் என்கிறான். ரயில் 59ஆம் தெருவில் நிற்கிறது. அடுத்து நிற்பது 125ஆம் தெருவில், அதாவது ஹார்லெமில். வெள்ளையர்கள் எல்லோரும் எழுந்து இறங்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தை. வரைகலைக்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. ஊர் எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது என்பதைப் பேருந்து நிறுத்தத்தை வைத்தே சொல்லிவிடும் நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா?

செய்ல்ஸ் வெள்ளையர்தான். ஒளிப்பதிவு செய்தவர் எர்னஸ்ட் டிக்கர்சன், கறுப்பினக் கலைஞர். பின்னர் ஸ்பைக் லீயின் 'டு த ரைட் திங்' படத்தை ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. யார் கண் என்று நாங்கள் கேட்டது இதனால்தான்.

அலெக்ஸ் ரிவெராவின் 'ஸ்லீப் டீலர்' (2008) இன்னும் நெருக்கமாக வந்து தைக்கிறது. கிராமத்து ஆற்றை அணை கட்டி அடைத்துவிட்டு, அந்தத் தண்ணீரையே மக்களுக்கு விலைக்கு விற்கிறது ஒரு கம்பெனி. தந்தையை இழந்த மெமோ, எல்லை நகரமான டிஹுவானாவுக்குப் போய், உடம்பில் வயர்களைச் செருகிக்கொண்டு, அமெரிக்காவிலுள்ள கட்டுமான ரோபோவை இங்கிருந்தே இயக்குகிறான். அவன் உழைப்பு எல்லை தாண்டலாம், அவன் தாண்டக்கூடாது. தீண்டாமைக்கு இதைவிடச் சுருக்கமான படம் வேண்டியதில்லை. வரைகலை பல இடங்களில் பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கிறது என்ற குறையை ஒப்புக்கொள்கிறோம். பார்த்து முடித்தபின் எங்கள் நினைவில் நின்றது வயர் செருகிய அந்தக் கைதான்.

பானோஸ் கோஸ்மாடோஸின் 'பியாண்ட் த பிளாக் ரெயின்போ' (2010) இதற்கு நேரெதிர். சிவப்பு வெளிச்சம், மூட்டம், மெதுவான நடை. அழகுதான், மறுக்கவில்லை. அடைபட்டுக் கிடக்கும் அந்தப் பெண் யாரென்று அறிந்துகொள்ளும் அக்கறை மட்டும் படத்துக்கு இல்லை.

இதனால் காட்சியழகே வேண்டாம் என்றாகிவிடாது. ருவாண்டாவில் படமாக்கப்பட்ட 'நெப்டியூன் ஃப்ராஸ்ட்' (2021) கோல்டான் சுரங்கத் தொழிலாளர்களின் கதை. அங்கே வெட்டியெடுக்கும் கனிமம்தான் நம் செல்பேசிகளுக்குள் போகிறது. படத்தில் அந்த மக்களின் உடைகளிலும் ஒப்பனையிலும் வயர்களும் கழித்துப்போட்ட மின்னணுச் சாமான்களும் தொங்குகின்றன. அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது, குப்பையாகி அவர்கள் உடம்புக்கே திரும்பியிருக்கிறது. கதை நடுவில் பலமுறை நழுவுகிறது, எங்களுக்கும் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் பிடிபட்டது. இருந்தாலும் இந்தப் படத்தை முதல் கட்சித் தோழர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.