ஆபரேஷன்னா ஓகே, சொட்டு மருந்துன்னா கைக்காசா?

"ஒரு ஆபரேஷன் பண்ணிட்டா எல்லாம் சரியாப் போயிடும்." எங்க அத்தையோட ஆறு வயசுப் பொண்ணுக்குக் கண்ல புரைன்னு தெரிஞ்சப்போ, பார்க்க வந்த அத்தனை பேரும் சொன்னது இதைத்தான். டாக்டர் மட்டும் சொல்லவில்லை. "முதல்ல அழற்சி அடங்கட்டும். குறைஞ்சது மூணு மாசமாவது கண் அமைதியா இருந்தாத்தான் ஆபரேஷன்" என்றார். சொந்தக்காரங்க பார்வையில் உடனே அவர் 'இழுத்தடிக்கிற டாக்டர்' ஆகிவிட்டார்!

ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

வியாதியின் பெயர் யுவியைட்டிஸ். கண்ணுக்குள்ளே வரும் அழற்சி. சிறு வயதிலேயே மூட்டுவாதம் வரும் குழந்தைகளை இது அதிகம் பிடிக்கும். கொடுமை என்னவென்றால், இவர்களில் பலருக்குக் கண் சிவக்காது, வலிக்காது. ஸ்லிட் லாம்ப் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அம்மா அப்பா கவனிப்பதற்குள் புரை விழுந்திருக்கும், அல்லது கண் அழுத்தம் ஏறியிருக்கும். நாள்பட விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தாலேயே இந்த இரண்டும் வரலாம் என்பது இன்னொரு சோகம்.

ஆபரேஷன் புரையைத்தான் எடுக்கும், அழற்சியை அல்ல. உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போது கத்தி வைத்தால் அது இன்னும் கிளம்பும். தீ அணையாத வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற கதைதான்.

அதற்காக ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்னக் குழந்தையின் புரையை ரொம்ப நாள் விட்டால், அந்தக் கண்ணால் பார்க்க மூளை பழகாமலே போய்விடும். மருந்துக்கு அடங்காத அழுத்தம் நரம்பையே அழித்துவிடும். அங்கே கத்தி வேண்டும்தான்.

என் கோபம் வேறு. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்! டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள் மருந்தும் உண்டு. ஆனால் வெளிநோயாளியாக வந்து போகிறவருக்கு அதில் இடமில்லை. சொட்டு மருந்து, மெத்தோட்ரெக்ஸேட், அதற்கான ரத்தப் பரிசோதனை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் அடாலிமுமாப் ஊசி... இதெல்லாம் யார் தலையில்?

அந்த ஊசி வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: 2017-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 90 குழந்தைகள். மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தோற்றது. ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் 27 சதவீதம்தான். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

மெஷினுக்கு எண்ணெய் போடக் காசு தராமல், உடைந்ததும் புது மெஷின் வாங்கித் தரும் முதலாளியை எங்கள் காஸ்டிங் வகுப்பில் கிண்டல் செய்வோம். இங்கே நடப்பதும் அதேதான். மெஷினுக்குப் பதில் குழந்தையின் கண்.

"எல்லா மருந்துக்கும் அரசாங்கம் எங்கே போகும்?" என்பீர்கள். எல்லாவற்றுக்கும் கேட்கவில்லை. புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள் இதே திட்டத்தில் பேக்கேஜாக இருக்கின்றனவே? இந்தக் குழந்தைகளுக்கும் அப்படி ஒன்று போடட்டும்.

அத்தை பொண்ணுக்குக் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. ஒரு பைசா செலவில்லை. அந்த ஆபரேஷனுக்குக் கண்ணைத் தயார் பண்ண ஊசி வாங்கியதில் போன அத்தையின் வளையல் மட்டும் இன்னும் அடகுக்கடையில் இருக்கிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு முட்டி வீக்கம் வாரக்கணக்கில் வடியாமல் இருந்தால், கண் வெள்ளையாகவே இருந்தாலும் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ப்ளீஸ்.