பழைய வேக்குவம் கிளீனருக்கு மிக்ஸி மெக்கானிக் போதும்

தமிழகத்தில் வேக்குவம் கிளீனர் வாங்கிய வீடுகள் பலவற்றில் அது இப்போது பரணில் இருக்கிறது. 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வீடு வீடாகப் போய் இயக்கிக் காட்டி விற்ற இயந்திரங்களும் அவற்றில் அடக்கம். மொசைக் தரைக்கும் டைல்ஸுக்கும் துடைப்பமும் ஈரத்துணியுமே போதுமென்று ஆனதும் அவை மேலே ஏறிவிட்டன. ஆகவே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ காயலான் கடையிலோ கிடைக்கும் இயந்திரம் வயதில் பழையதென்றாலும் அதிகம் ஓடாததாக இருக்க வாய்ப்புண்டு. அதை எடைக்குப் போடுவது வீண். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மின்கம்பி இணைப்பில் ஓடும் வேக்குவம் கிளீனர்களில் பெரும்பாலும் இருப்பது மிக்ஸியில் உள்ள யுனிவர்சல் மோட்டார்தான். ஆர்மேச்சர், ஃபீல்டு காயில், கம்யூட்டேட்டர், அதை உரசி நிற்கும் இரண்டு கார்பன்கள், இரு முனையிலும் பேரிங் என்று எல்லாமே மிக்ஸி மெக்கானிக்குக் கைப்பழக்கமானவை. கருவியின் அடிப்படையும் மாறவில்லை. 1901-இல் லண்டனில் ஹூபர்ட் சிசில் பூத் குதிரை வண்டியில் ஏற்றிச் சென்ற பெரிய இயந்திரமும், 1908-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர் காப்புரிமை பெற்ற சிறிய கருவியும் ஒரே வேலையைத்தான் செய்தன. காற்றை இழுத்து, தூசியை வடிகட்டி, காற்றை மட்டும் வெளியே விட்டன.

இழுவை குறைந்தால் மோட்டார் போய்விட்டது என்றே உரிமையாளர் நினைக்கிறார். பெரும்பாலும் பழுது காற்று போகும் வழியில் இருக்கும். ஹோஸைக் கழற்றிவிட்டு இயந்திரத்தின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அங்கே இழுவை பலமாக இருந்தால் ஹோஸில் விரிசலோ அடைப்போ உண்டு. ஒலியும் ஒரு துப்பு. வழி அடைபட்டால் விசிறி தள்ள வேண்டிய காற்று குறைகிறது, சுமை குறைந்த மோட்டார் முன்னிலும் வேகமாகச் சுழன்று கீச்சென்று ஒலிக்கிறது. பல மாடல்களில் உள்ளே வரும் காற்றுதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. அது நின்றால் மோட்டார் சூடேறி, வெப்பப் பாதுகாப்புச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. தானாக நின்றுவிடுகிறது என்று ஒதுக்கப்பட்ட இயந்திரத்தில் ஃபில்டரை மாற்றி, அடைப்பை எடுத்தாலே பல நேரம் பிழைத்துக்கொள்கிறது.

வாங்குமுன் ஃபில்டருக்குப் பின்புறத்தைப் பார்ப்பது மிக அவசியம். அங்கே வெள்ளைத் தூள் படிந்திருந்தால் வெள்ளைச் சிமென்ட்டோ பட்டித் தூளோ மோட்டாருக்குள் போயிருக்கிறது. அது பேரிங்கையும் கம்யூட்டேட்டரையும் அரித்திருக்கும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த இயந்திரம் வேண்டாம். ஓடும்போது கார்பன் முனையில் சிறு நீலப்பொறி தெரிவது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் தெரிந்தால் பெரும்பாலும் ஆர்மேச்சர் பழுது. இங்குதான் மிக்ஸி அனுபவத்துக்கும் எல்லை வருகிறது. இந்த மோட்டார் நிமிடத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் சுற்று ஓடக்கூடியது. கையால் ரீவைண்டிங் செய்த ஆர்மேச்சரில் எடைச் சமநிலை சற்றுப் பிசகினாலும் புதுப் பேரிங் சீக்கிரம் போய்விடும். அதனால் கார்பன், பேரிங், ஹோஸ், வயர் வரை செலவழிக்கலாம், ஆர்மேச்சருக்கு வேண்டாம்.

பரணில் கிடந்ததற்கும் ஒரு விலை உண்டு. ரப்பர் இறுகியிருக்கும், பேரிங் கிரீஸ் காய்ந்திருக்கும், வயரின் உறை வெடித்திருக்கும். உலோக உடல் கொண்டதென்றால் எர்த் இணைப்பைச் சோதிக்காமல் சொருகவே கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகப் போட்டால் கருகிவிடும். தூசிப் பை கிடைக்காவிட்டால் நெருக்கமாக நெய்த துணியில் தையல்காரரிடம் தைத்துக்கொள்ளலாம். பேட்டரியில் ஓடுபவற்றைப் பழையதாக வாங்குவது பெரும்பாலும் நஷ்டம். மோட்டார் நன்றாக இருக்கும், பேட்டரி செத்திருக்கும்.

இத்தனை எளிய இயந்திரம் ஏன் குப்பைக்குப் போகிறது? ஹோஸ் முனையும் ஃபில்டரும் மாடலுக்கு மாடல் வேறு அளவு. உற்பத்தி நின்றதும் அவையும் கிடைப்பதில்லை. கருவியின் ஆயுளை நீட்டச் சட்டம் போட்ட இடங்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் வகுத்த விதிகள் 2017 முதல் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும், ஹோஸ் 40,000 முறை வளைந்தும் தாங்க வேண்டும் என்றன. வாரம் ஒரு மணி நேரம் ஓட்டினால் 500 மணி ஏறத்தாழ பத்தாண்டுகள். பிரான்ஸ் 2022 முதல் வேக்குவம் கிளீனரைப் பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் அச்சிடச் செய்தது. 2024-இல் வந்த ஐரோப்பியப் பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தின் பட்டியலிலும் இந்தக் கருவி உண்டு.

இந்தியாவில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின் அழுத்தம் மறுசுழற்சி இலக்குகளில்தான் இருக்கிறது. மறுசுழற்சி என்றால் ஓடக்கூடிய மோட்டாரையும் உடைத்துச் செம்பாக எடுப்பதுதான். அந்த விதிகளை வகுத்த அரசே 2022-இல் பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அந்த உரிமைக்கு உயிர் வர வேண்டுமானால் நிறுவனங்கள் மீது மூன்று கட்டாயங்கள் தேவை. ஹோஸ் முனைக்கும் ஃபில்டருக்கும் பொது அளவு வேண்டும். விற்பனை நின்றபின் பத்தாண்டுகள் உதிரிபாகம் கிடைக்க வேண்டும். கார்பனை உடலைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே மாற்ற வழி இருக்க வேண்டும்.